அவசரம் ஒன்றுமில்லை, ரோண்டா

லின்னியா சோரன்சனின் கார் டிக்கியில் ஒரு வேர்க்கடலை வெண்ணெய் ஜாடி குடியிருந்தது. பாதாம், முந்திரி, அவள் பையன்களுக்குப் பிடித்த கடலைச் சாக்லேட் என்று அதன் சுற்றத்தாரும் அங்கேதான். வீட்டுக்குள் கொட்டை இனத்தில் எதற்கும் அனுமதி கிடையாது. காலையில் ரொட்டிக்கு அந்த வெண்ணெய் வேண்டுமென்றால் அவள் கணவன் எரிக் பூட்ஸை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கி, டிக்கியைத் திறந்து, அங்கேயே நின்று தின்றுவிட்டு, கைகழுவிவிட்டு உள்ளே வரவேண்டும். மினசோட்டாவின் பிப்ரவரியில் அது வெண்ணெய் அல்ல, செங்கல். எரிக் அதைக் கரண்டியால் பெயர்த்துத் தின்னப் பழகியிருந்தான். எதற்காக என்று அவன் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதைத்தான் அந்த ஊரில் நல்ல குடும்பம் என்கிறார்கள்.

எதற்காக என்றால், ரோண்டாவுக்காக.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சர்ச் முடிந்து சாப்பாடும் முடிந்தபின், ரோண்டா கூபியாக் இரண்டு பை காய்கறியோடும் தன் கத்தியோடும் லின்னியாவின் சமையலறைக்கு வருவாள். இரண்டு தாய்மார்களும் சேர்ந்து இரண்டு குடும்பத்துக்கும் வாரம் முழுவதற்குமான இரவுச் சாப்பாட்டைச் சமைப்பார்கள். எல்லாமே இரட்டை. இரண்டு ட்ரே சிக்கன் பாஸ்தா, இரண்டு ட்ரே ஹாட்டிஷ் என்கிற மாட்டிறைச்சிச் சுடுகலவை (மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளைச் சிப்பாய்கள் மாதிரி வரிசையாக அடுக்குவது ரோண்டாவின் வேலை, யாரும் அதில் கைவைக்க முடியாது), இரண்டு பானை காட்டரிசி சூப். ஒவ்வொன்றின் மேலும் நீல டேப் ஒட்டி, கிழமையை எழுதி, ஆளுக்குப் பாதி. அந்தந்த நாள் சாயங்காலம் யார் முதலில் வீட்டுக்கு வருகிறார்களோ அவர்கள் ட்ரேயை அடுப்பில் தள்ளினால் போதும்.

ரோண்டாவின் ஒரே மகள் டெஸ்ஸா. எட்டு வயது. எந்தக் கொட்டையோ கடலையோ நாக்கில் பட்டாலும் தொண்டை அடைத்துவிடும். ஊசி மருந்து ஒன்று பள்ளிக்கூடத்தில், ஒன்று ரோண்டாவின் கைப்பையில், ஒன்று காரில். ஆகவே லின்னியா சனிக்கிழமையே சமையலறையைத் துடைப்பாள். ஞாயிறு காலை மறுபடி துடைப்பாள். கரண்டியைக் கொதிநீரில் போடுவாள். அறுவை சிகிச்சை செய்யும் அறை இதைவிடக் கொஞ்சம் அழுக்காகத்தான் இருக்கும்.

இத்தனைக்கும் ரோண்டா ஒருநாளும் இதையெல்லாம் கேட்டவளில்லை. லின்னியாவுக்குத்தான் பயம். அவள் பக்கத்து மாநிலமான அயோவாவிலிருந்து வந்தவள். அந்த ஊர்க்காரர்களுக்கு அது ஏறக்குறைய செவ்வாய்க் கிரகம். நல்ல மனிதர்கள்தான். நீங்கள் எழுந்திருப்பதற்குள் உங்கள் வாசல் பனியை வாரிவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் சிநேகிதம் என்பதை எல்லோரும் ஐந்து வயதிலேயே பிடித்து முடித்துவிட்டார்கள். பிற்பாடு வந்தவர்களுக்கு இடம் இல்லை. நான்கு குளிர்காலம் லின்னியா கடைக்காரப் பெண்ணோடு மட்டும் பேசிக் கழித்தாள். அப்புறம் ஒருநாள், பிள்ளைகளின் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காலை உதறிக்கொண்டிருந்த ரோண்டா, ‘ஞாயித்துக்கிழமை நீ என்ன பண்ற? தனியா சமைச்சுச் செத்துட்டிருக்கேன்’ என்றாள். லின்னியா கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்து, பரவாயில்லை, பார்க்கலாம் என்று சொன்னாள்.

கிடைத்ததை இழந்துவிடுவோமோ என்கிற பயம் அன்றைக்கே ஆரம்பித்தது. ‘வித்தியாசமா இருக்கு’ என்ற வார்த்தைக்கு அவள் நடுங்குவாள். அந்த ஊரில் ஒரு பண்டத்தை வித்தியாசமாக இருக்கிறது என்று சொன்னால் குப்பையில் கொட்டியதற்குச் சமம். ரோண்டா அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. போன வாரம்கூட, காட்டரிசி சூப்பை டெஸ்ஸா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தாள் என்றாள். அந்த இரண்டாம் தடவையை லின்னியா ஒரு வாரமாக மனசுக்குள் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

இந்த நிலைமையில்தான் அந்தத் திங்கட்கிழமை மதியம், அவள் வரவேற்பு மேஜை பார்க்கும் பல் மருத்துவரின் கிளினிக்கில், முதல் நாள் பாஸ்தாவிலிருந்து டப்பாவில் கொண்டுவந்ததைச் சூடாக்கி உட்கார்ந்தாள். உடன் வேலை பார்க்கும் மார்லா, பல் சுத்தம் செய்கிறவள், எல்லோர் டப்பாவிலும் ஒரு வாய் கேட்காமல் எடுக்கிறவள், எடுத்து மென்றாள்.

“நல்லா இருக்கே. முந்திரியா போட்டிருக்க?”

இல்லையே என்றாள் லின்னியா. மார்லா இன்னொரு வாய் எடுத்துக்கொண்டு, தன் நாக்கு பொய் சொல்லாது என்றாள்.

லின்னியாவின் கை டப்பாவின் மேலேயே நின்றது. பாஸ்தாவில் கலந்த பச்சை விழுது, பெஸ்டோ. வழக்கமாக அவள் வாங்குகிற ஜாடியில் கொட்டையே கிடையாது. அதன் பொடி எழுத்தை மனப்பாடமாகச் சொல்வாள். ஆனால் சனிக்கிழமை பனிப்புயல் வருகிறது என்று ஊரே கடையைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஜாடி இருந்த தட்டு காலி. பக்கத்தில் அதே பச்சை மூடியோடு வேறொன்று இருந்தது. திருப்பிப் படித்தோமா? படித்த மாதிரிதான் இருந்தது. படிக்கத் திருப்பியபோது யாரோ ஒரு அம்மாள் தள்ளுவண்டியால் காலில் இடித்து மன்னிப்புக் கேட்க, இவளும் பதிலுக்கு மன்னிப்புக் கேட்க, இரண்டு பேரும் மாறிமாறி மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் ஜாடி கூடைக்குள் இருந்தது.

கடைக்குப் போன் செய்தாள். எடுத்த ஆள் நிதானமாக நடந்து போய், ஜாடியைக் கண்டுபிடித்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகப் படித்தான். இலை, எண்ணெய், பாலாடைக்கட்டி, முந்திரி.

“வேற ஏதாவது வேணுமாங்க?”

ரொம்ப நன்றி, நல்ல நாளாக இருக்கட்டும் என்று சொல்லி வைத்தாள். பாஸ்தா ட்ரேயின் மேல் தன் கையாலேயே ‘திங்கள்’ என்று எழுதி ஒட்டியது கண்ணில் ஆடியது.

ரோண்டா வான்கோழிப் பண்ணைக்காரர்களின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது; இடைவேளையில் மட்டும் எட்டிப் பார்ப்பாள். அவள் கணவன் டேல், மாவட்டப் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன், ராத்திரி பூராவும் சாலையில் கிடந்துவிட்டு இப்போது போனை அணைத்துப்போட்டுத் தூங்குவான். சாயங்காலம் எழுந்ததும் ட்ரேயை அடுப்பில் வைப்பது அவன்தான். அதற்குள் டெஸ்ஸா பள்ளிப் பேருந்தில் வந்து இறங்கிவிடுவாள், பசியோடு.

லின்னியா ரோண்டாவுக்குச் செய்தி எழுதினாள். ‘டெஸ்ஸாவுக்குப் பாஸ்தா கொடுக்காதே. முந்திரி இருக்கிறது.’ எழுதியதைப் பார்த்தாள். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வேலையிடத்தில் நிற்கிற ஒரு தாயை இப்படியா பதறவைப்பது? அழித்தாள். ‘ஒரு சின்ன விஷயம், என் தப்புதான்’ என்று ஆரம்பித்தாள். அது குற்றவாளிக் கூண்டில் ஏறியதுபோல இருந்தது. அழித்தாள். கடைசியில் போனது இது: ‘ஹாய் ரோண்டா! நேரம் கிடைக்கும்போது கூப்பிடு. இன்றைக்குப் பாஸ்தாவைப் பற்றி ஒரு சின்ன சந்தேகம். அவசரம் ஒன்றுமில்லை!’ பின்னால் சிரிக்கிற பொம்மைகள் நான்கு.

ஒரு குழந்தையின் தொண்டை பற்றிய செய்தி இவ்வளவு மரியாதையாக உலகத்தில் வேறெங்கும் அனுப்பப்பட்டிருக்காது.

பதில் வந்தது. ஒரு சிவப்பு இதயம். அவ்வளவுதான்.

லின்னியா அந்த இதயத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ரோண்டாவைக் கூப்பிட்டாள், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. டேலைக் கூப்பிட்டாள், அணைந்திருந்தது. மார்லாவிடம் மேஜையைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டினாள். எங்கே என்று மார்லா கேட்டதற்கு, கொஞ்சம் வெளியே என்றாள். முகம் சுண்ணாம்பாக இருந்ததால் மார்லா மேற்கொண்டு கேட்கவில்லை. மீதிப் பாஸ்தாவை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சாலையில் உப்புப் போட்டிருந்தும் வண்டி வழுக்கியது. வழியெல்லாம் லின்னியாவின் மூளை இரண்டு தறியில் ஓடியது. ஒன்றில் டெஸ்ஸா நீலம் பாரித்துச் சமையலறைத் தரையில். இன்னொன்றில் ரோண்டா, ஹாக்கி மைதானத்தில், வேறொரு பெண்ணுக்குப் பக்கத்தில். முதல் தறி ஓடும்போது இரண்டாவதை நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. தன் வீட்டு ஃப்ரீசரில் போன மாத மாட்டிறைச்சி ஹாட்டிஷ் ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டுபோய், டேல் எழுந்திருப்பதற்குள் ட்ரேயை மாற்றிவிட்டால்? யாருக்கும் எதுவும் ஆகாது. யாருக்கும் எதுவும் தெரியவும் வேண்டாம். வீட்டில் நிறுத்தி அதை எடுத்துக்கொண்டாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் எரிக், என்ன என்று கேட்காமல், கதவை மட்டும் சாத்திக்கொண்டான்.

கூபியாக் வீட்டுக் கராஜ் கதவின் ரகசிய எண் அவளுக்குத் தெரியும். உள்ளே பெட்டி ஃப்ரீசர் ஒரு மூலையில். குளிர்காலத்தில் அந்தக் கராஜே ஒரு ஃப்ரீசர்தான். மூடியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டுத் தேடினாள். நீல டேப்புகள். செவ்வாய் இருந்தது. புதன், வியாழன் இருந்தன. திங்கள் இல்லை.

“கொஞ்சம் குளிரா இருக்குல்லங்க” என்றது ஒரு குரல்.

டேல் உள்ளே போகும் கதவில் நின்றான். முழுநீள உள்ளாடை, மேலே ஒரு பழைய சட்டை, கையில் காபிக் கோப்பை. மனைவியின் சிநேகிதி தன் ஃப்ரீசருக்குள் இடுப்புவரை இறங்கி இருப்பது அவனுக்கு ஒரு செய்தியாகவே படவில்லை. குறைந்தபட்சம் அப்படிக் காட்டிக்கொள்ளவில்லை.

“பெரிய கரண்டி ஒண்ணு மறந்து வந்துடுச்சோன்னு பார்த்தேன்” என்றாள் லின்னியா.

“ஃப்ரீசர்லயா?”

“எங்க வெச்சேன்னு ஞாபகம் இல்ல.”

டேல் தலையை ஆட்டினான். கரண்டிகள் அப்படித்தான் என்றான். லின்னியா கையிலிருந்த ஹாட்டிஷ் ட்ரேயைப் பார்த்தான்; அதைப் பற்றியும் ஒன்றும் கேட்கவில்லை. காபி குடிக்கிறீர்களா என்றான். வேண்டாம் என்றாள். கொஞ்சமாகக் குடியுங்களேன் என்றான். இல்லை, தொந்தரவு எதற்கு என்றாள். தொந்தரவே இல்லை என்றான். மூன்றாம் தடவைதான் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். ஆகவே அந்த வழக்கத்தை முடித்து உள்ளே காலை வைக்கும்போது வாசனை முகத்தில் அடித்தது. அடுப்பில் விளக்கு எரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பச்சையாக, ஓரங்களில் பொங்கிக்கொண்டு, திங்கட்கிழமை.

“முன்னாடியே வெச்சுட்டேன்” என்றான் டேல். “பசிச்சுது.”

வெளியே பள்ளிப் பேருந்து பெருமூச்சு விட்டு நின்றது. கதவு திறக்கும் சத்தம். பனியில் சின்ன பூட்ஸ்களின் நறநற.

லின்னியா ஹாட்டிஷ் ட்ரேயை மேடையில் வைத்தாள். வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை, வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை, அப்புறம் மெல்ல விஷயம் என்று அந்த ஊரில் ஒரு வரிசை இருக்கிறது. அதற்கெல்லாம் நேரமில்லை.

“டேல், அந்த ட்ரேல முந்திரி இருக்கு. நான்தான் போட்டேன். தெரியாம. டெஸ்ஸாவுக்குக் குடுத்துடாதீங்க.”

சொல்லி முடித்ததும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

டேல் அடுப்பை அணைத்தான். இரண்டு கையிலும் உறை மாட்டி, ட்ரேயை எடுத்து, கராஜ் வழியாக வெளியே போய், வாசலோரப் பனிக்குவியலில் வைத்தான். ஆவி தூண் மாதிரி எழும்பியது. திரும்பி வந்து முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவினான். அவன் பதறவில்லை. அதுதான் லின்னியாவுக்குப் புரியவில்லை.

டெஸ்ஸா முன் கதவு வழியாக உள்ளே வந்து, பையை எறிந்துவிட்டு, நேராக ஃப்ரிட்ஜைத் திறந்து சிவப்பு மூடி போட்ட டப்பா ஒன்றை எடுத்தாள்.

“அது என்ன கண்ணு?” என்றாள் லின்னியா.

“என் சாப்பாடு. சிவப்பு மூடி எனக்கு.”

“அப்போ ட்ரே?”

“அது அப்பா அம்மாவுக்கு. நான் உங்க சாப்பாடு சாப்பிடவே மாட்டேனே.” டெஸ்ஸா ஒரு ஸ்பூனைத் தேடி எடுத்தாள். “உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க.”

டேல் கூரையை அண்ணாந்து பார்த்தான். கூரையில் ஒன்றுமில்லை. இருந்தாலும் ரொம்ப நேரம் பார்த்தான்.

ரோண்டாவின் வண்டி வந்தபோது லின்னியா வாசலில் பனிக்குவியலுக்குப் பக்கத்தில், ஆவி அடங்கிப்போன பாஸ்தாவுக்குக் காவல் மாதிரி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே உட்கார முடியவில்லை. வீட்டுக்குப் போகவும் முடியவில்லை. ரோண்டா இறங்கி ட்ரேயைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

லின்னியா எல்லாவற்றையும் சொன்னாள். ஜாடி, தள்ளுவண்டி, மார்லாவின் நாக்கு, ஹாட்டிஷைத் திருட்டுத்தனமாக மாற்ற வந்தது வரைக்கும். ரோண்டா கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டினாள்.

“இதையா அவசரம் ஒண்ணுமில்லன்னு அனுப்பின? வீடு பத்தி எரிஞ்சாக்கூடத் தீயணைப்புக்காரங்களுக்கு, ‘நேரம் இருந்தா வாங்க’ன்னு எழுதுவ போல.”

லின்னியா சிரிக்கவில்லை.

“டெஸ்ஸா சூப்பை ரெண்டாம் தடவ கேட்டான்னு சொன்னியே” என்றாள்.

டேல்தான் இரண்டாம் தடவை கேட்டான் என்றாள் ரோண்டா. ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றாள். முதல் ஞாயிறே சொல்லலாம் என்று வந்தாளாம். வந்து பார்த்தால் லின்னியா குளியலறைத் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் எந்த வாயால் சொல்வது?

“எங்கம்மா சமைச்சதையே குடுக்கிறதில்ல, அயோவாக்காரி. நன்றி சொல்ற பண்டிகைக்குக்கூட டப்பா கட்டிட்டுத்தான் போறேன். அம்மா என்கூட மூணு மாசம் பேசல.”

“அப்போ எங்க வீட்டுக்கு எதுக்கு வர? ராத்திரி போய் அவளுக்குத் தனியா வேற சமைக்கிற. டபுள் வேலை.”

“வாரத்துல ஒரு மத்தியானமாவது தோளை இறக்கி வெச்சிட்டு நிக்கலாம்னுதான். நீ பார்த்துப்பன்னு.”

“நான் முந்திரி போட்டேனே.”

“போட்ட” என்றாள் ரோண்டா. “அதனாலதான் குடுக்கிறதில்ல.”

லின்னியாவுக்கு முதலில் மூச்சு வந்தது. அப்புறம் வலித்தது. அதற்கும் அப்புறம், டிக்கி முன்னால் நின்று செங்கல் பெயர்க்கும் எரிக்கின் நினைவு வந்தது. ஒரு வருஷமாக அவள் காத்தது யாருடைய உயிரை? யாருடையதையும் இல்லை. காக்க வேண்டிவந்த ஒரே ஒரு தடவையும் அவளிடமிருந்தே காக்க வேண்டியிருந்தது. அதையும் ஒரு சிவப்பு மூடி செய்துவிட்டது. டேல் கதவிலிருந்து தலையை நீட்டி, தான் மட்டும் வெளியே நின்றபடி அதைச் சாப்பிட்டுக்கொள்ளலாமா என்று கேட்டான். இரண்டு பெண்களும் ஒரே குரலில் கூடாது என்றார்கள்.

வீட்டுக்குப் போய் அவள் எரிக்கிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். ஜாடி உள்ளே வரலாமா என்பதுதான் அவனுடைய ஒரே கேள்வி. லின்னியா யோசித்து, வரவேண்டாம் என்றாள்.

அந்த வாரம் ரோண்டாவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. வியாழன் கழிந்தது, வெள்ளி கழிந்தது. லின்னியா பத்துத் தடவை செய்தி எழுதி அழித்தாள். ஞாயிறு காலை வழக்கம்போலத் துடைத்தாள். வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டே கரண்டிகளைக் கொதிநீரில் போட்டாள்.

மதியம் ரோண்டா வந்தாள். இரண்டு பை காய்கறி, கத்தி. கூடவே ஒரு சின்னப் பானை, ஐந்து டப்பா, சிவப்பு மூடிகள்.

“டெஸ்ஸாவோடதையும் இங்கயே பண்ணிடலாம்னு பார்த்தேன்” என்றாள் ரோண்டா, பானையை அடுப்பில் வைத்தபடி, லின்னியாவைப் பார்க்காமல். “ராத்திரி போய் மறுபடி அடுப்பு முன்னாடி நிக்க முடியல. நீ ஒவ்வொரு ஜாடியா எடுத்து, எழுத்து எழுத்தா, சத்தமாப் படி.”

லின்னியா படித்தாள். உப்பு டப்பாவையும் படித்தாள். உப்பில் உப்புதான் இருந்தது. அதையும் இரண்டு தடவை. ரோண்டா கேரட்டை நறுக்கிக்கொண்டே, ம், அடுத்தது என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. பானையைக் கிண்டும் கரண்டியை ஒருகட்டத்தில் லின்னியாவிடம் நீட்டிவிட்டுக் கழிவறைக்குப் போனாள். லின்னியா கிண்டினாள். தும்மல் வருவதுபோல இருந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு அதை விழுங்கினாள். இதற்காகத்தானே ஒரு வருஷமாக ஏங்கினோம் என்று தோன்றியது. இவ்வளவு கனமான கரண்டி என்று யாரும் சொல்லவில்லையே என்றும் தோன்றியது.

மறுநாள் கிளினிக்கில் அவள் டப்பாவைத் திறக்கவே இல்லை. மார்லா கேட்காமலேயே முழுவதையும் சாப்பிட்டாள். சாயங்காலம் வீட்டில் ஹாட்டிஷ் ஆறிக்கொண்டிருந்தது. பையன்கள் தின்று எழுந்து போய்விட்டார்கள். லின்னியா போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முள்கரண்டியால் ஒரு உருளைக்கிழங்கு உருண்டையை இங்கேயும் அங்கேயும் தள்ளிக்கொண்டிருந்தாள். சாப்பிடேன் என்றான் எரிக். சாப்பிடறேன் என்றாள்.

போன் அதிர்ந்தது. பாய்ந்து எடுத்தாள்.

‘சாப்பிட்டா. ஒண்ணும் ஆகல. டப்பா காலி. இப்போ பூனையோட சண்டை. நீ போய்ச் சாப்பிடு.’

படித்தாள். இன்னொரு தடவை எழுத்து எழுத்தாகப் படித்தாள். அப்புறம் ரோண்டாவிடமிருந்தே அடுத்ததும் வந்தது: ‘வித்தியாசமா இருக்குன்னு சொன்னா.’

லின்னியா தட்டை எடுத்துக்கொண்டுபோய்ச் சூடாக்கினாள்.